துணைக் கேள்வி

எங்கள் எம்.பி.க்கு நான் ஓட்டுப் போடவில்லை, வீட்டுக்காரர் போட்டார். எம்.பி. ஜெயித்தும் அவருடைய கட்சி தில்லியில் எதிர்வரிசையில்தான் உட்கார்ந்தது. எதிர்க்கட்சி எம்.பி. என்னத்தைக் கிழிப்பார் என்று வீட்டுக்காரரைச் சீண்டிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் எங்கள் ஊர் செவிலிமேட்டுக்கு வந்த எம்.பி. எங்கள் தெருவுக்குள்ளும் நுழைந்தார். வீட்டுக்காரர் தறியில் புடவையின் முந்தானைப் பாவு நூலை உடல் பாவு நூலோடு இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலை முடியும்வரை யார் வந்தாலும் எங்கள் வீட்டில் எழுந்திருப்பதில்லை. எம்.பி. பேசாமல் நின்றார். கூட வந்தவர்கள் அவசரப்படுத்தியும் நகரவில்லை. வீட்டுக்காரருக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான்.

“மெஷின்ல நெய்யற புடவைய கைத்தறின்னு வித்துக்கினு இருக்கிறாங்க சார். கேக்க நாதி இல்ல.”

“சபையில கேக்கறேன்” என்றார்.

சொன்னபடி கேள்வி கொடுத்தார். மந்திரி நேரில் பதில் சொல்லும் பட்டியலில் அது வந்துவிட்டது. போன் செய்தார். “மந்திரி எழுதி வெச்சத படிச்சிடுவாரு. அதுக்கு மேல நான் கேக்கற துணைக் கேள்விதான் முக்கியம். அதுல நழுவ முடியாது.” எந்தெந்தக் கடையில் சோதனை நடந்தது என்று கேட்கச் சொன்னார் வீட்டுக்காரர்.

அன்று எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். சபை கூடியதுமே எதிர்க்கட்சிக்காரர்கள் வேறொரு விஷயத்துக்காக அட்டைகளோடு நடுவில் இறங்கிக் கோஷம் போட்டார்கள். அதுவும் நியாயமான விஷயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். கூட்டத்தில் எங்கள் எம்.பி.யும் கத்திக்கொண்டிருந்தார். சபையை ஒத்திவைத்தார்கள். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. மந்திரியின் பதில் எழுத்தில் மட்டும் வந்தது: அப்படிப் புகார் எதுவும் வரவில்லையாம்.

அடுத்த மாதம் எம்.பி. வந்தார். “கட்சி முடிவு. நான் மட்டும் எப்படி உக்காந்திருக்க முடியும்?” என்றார். குரல் இறங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் பேசினார்.

“நீங்க கத்துனது தப்புன்னு சொல்லல சார். ஆனா அன்னிக்கு மந்திரி தப்பிச்சது உங்களாலதான்.”

எம்.பி. அடுத்த கூட்டத்தில் என்ன கேட்கட்டும் என்றார்.

“அதே கேள்விதான் சார். இந்த வாட்டி உங்க எடத்துல நின்னு கேளுங்க.”