சீர் மேசையில் என் பிள்ளை

என் மூத்த மகள் வயிற்றைக் கிழித்துத்தான் வெளியே வந்தாள். இதைச் சொல்ல எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. ஆனால் எழுபதுகளில் குருவிநத்தத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆபரேஷன் என்றால் பெண் வலி தாங்காதவள், உடம்பு வளையாதவள் என்று அர்த்தம். தெருவில் யார் கேட்டாலும் என் மாமியார் சுகப்பிரசவம் என்றே சொல்லி வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸ் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆறு வாரம் குனியக் கூடாது, தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள் மகராசி. எங்கள் வீட்டில் எல்லாமே தரையில்தானே. பாய் தரையில், பிள்ளை பாயில், துணி மாற்றுவதும் அங்கேயே. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு இருபது துணி நனைக்கும். நானும் இருபது தடவை உட்கார்ந்து இருபது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அம்மா இருந்திருந்தால் மடுகரையில் தாய்வீட்டில் படுத்திருப்பேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் நேராக மாமியார் வீட்டுக்கு வந்தேன்.

வந்த ஐந்தாம் நாள் புடவையில் ஈரம். பார்த்தால் தையல் ஓரத்தில் சீழ். என் கணவர் பாகூருக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினார். "குனிஞ்சு தையல் பிரிஞ்சுதுன்னா உசுருக்கே ஆபத்து, அப்புறம் என்ன ஒண்ணும் கேக்காதீங்க" என்றார் டாக்டர். பயம் வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

கூடத்தில் என் சீர் மேசை இருந்தது. மடுகரை வீட்டுக் கொல்லையில் நின்ற பூவரசை வெட்டி அப்பா செய்து கொடுத்தது. கல்யாணமாகி இரண்டு வருஷமாக அதன்மேல் ஒரு டம்ளர் வைக்கக்கூட எனக்கு உரிமை கிடையாது. வெள்ளை நூலில் பின்னிய விரிப்பு, அதன்மேல் ரேடியோ, பக்கத்தில் பிளாஸ்டிக் பூ. வருகிறவர்கள் "மருமவ கொண்டாந்ததா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அந்த மேசையின் வேலை.

அன்று மத்தியானம் விரிப்பை உருவினேன். நாத்தனாரை ரேடியோவை இறக்கச் சொல்லி, மேசையைக் கூடத்து மூலைக்குத் தள்ளச் சொன்னேன். இரண்டு பக்கம் சுவர். மூன்றாவது பக்கம் பிள்ளை உருண்டுவிடாமல் தலையணையைச் சுருட்டி, கிழிந்த புடவையால் மேசைக் காலோடு இறுக்கிக் கட்டினோம். நாலாவது பக்கம் நான். மேலே கம்பளியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டி. ஒரு டிராயரில் மடித்த துணிகள், இன்னொன்றில் பவுடரும் தேங்காய் எண்ணெயும். முக்காலியில் வெந்நீர்க் கிண்ணம், கீழே அழுக்குத் துணிக்கு வாளி. மேசை சரியாக என் இடுப்பு உயரம். நிமிர்ந்து நின்றபடி பிள்ளைக்குத் துணி மாற்றினேன். அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் கழனியிலிருந்து வந்த மாமியார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, சீர் மேசையில பீத்துணி?"

"குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு அத்தே."

"நாங்கல்லாம் புள்ள பெத்துட்டு மூணாம் வாரமே நடவுக்குப் போனவங்க. ஒனக்குக் குனிய முடியல."

"உங்க வயித்த யாரும் கிழிக்கல அத்தே."

"மெதுவா பேசு. தெருவுல கேக்கப்போவுது."

விஷயம் அதுதான். கூடத்தில் மேசைமேல் பிள்ளையை வைத்து நான் நின்றால், ஏன் நிற்கிறேன் என்று யாராவது கேட்பார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என் மாமியாருக்கு என் வலி தெரியாமல் இல்லை. தெருவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். மேசையை அறைக்குள் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைப் பெண் பார்க்க அரியூரிலிருந்து வருகிறார்கள், மேசை கூடத்தில் பழையபடி இருக்க வேண்டும் என்றார்.

"ஒரு நாளுதான, பொறுத்துக்கோயேன்" என்றார் என் கணவர். சரி, ஒரு நாள்தானே என்று நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அண்ணி, அந்த மேசய எனக்குச் சீரா தர்றதா அம்மா அரியூர்க்காரங்களாண்ட சொல்லிட்டாங்க. எனக்கு வேணாம்னு சொன்னேன், கேக்கல." ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதை. எனக்கு வயிறு எரிந்தது, தையலுக்கு மேலேயும் கீழேயும்.

ஞாயிற்றுக்கிழமை மேசைமேல் மறுபடி வெள்ளை விரிப்பும் ரேடியோவும் ஏறின. விருந்தாளிகள் காபி குடித்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் மேசையைத் தடவிப் பார்த்தார். "நல்ல பூவரசு" என்றார்.

"எல்லாம் பொண்ணுக்குத்தான்" என்றார் மாமியார்.

உள்ளே பிள்ளை நனைத்துவிட்டு வீறிட்டாள். பாயை ஒரு தடவை பார்த்தேன். பிறகு துணியை எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"ரேடியோவ கொஞ்சம் புடிங்க" என்று கணவரிடம் சொன்னேன். எல்லார் முன்னாலும் என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டார். வெள்ளை விரிப்பின்மேலேயே பிள்ளையைப் போட்டேன்.

"என்னம்மா, மேசமேல?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்த புள்ளம்மா. தையல்ல சீழ் வெச்சிருக்கு. குனிஞ்சா பிரிஞ்சிடும்."

"சுகப்பிரசவம்னு சொன்னாங்களே?"

"இல்லம்மா. மேசயும் எங்கப்பா எனக்குப் போட்ட சீர். நான் யாருக்கும் தர்றதா இல்ல."

நான் துணியைக் கட்டி முடித்தேன். மாப்பிள்ளையின் தாயார் என் மாமியாரைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் இன்னா இன்னா சொல்லி வெச்சிருக்கீங்க?" என்றார்.

அந்த இடம் அமையவில்லை. பழி முழுவதும் என்மேல் விழுந்தது. நாத்தனாருக்காக வருத்தப்பட்டேன். மேசைக்காக அல்ல. மறுவருஷம் அவளுக்கு வேறு இடத்தில், வேறு மேசையோடு கல்யாணம் நடந்தது. மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மூன்று மாதமும் நிமிர்ந்து நின்றே என் பிள்ளைக்குத் துணி மாற்றினேன். எனக்குத் தையல் ஆறியது.