மாப்பிள்ளை கேட்கவில்லை, முட்டைக்காகக் கேட்டேன்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நான் சரியாகத் தூங்கவே இல்லை. எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் கட்டி என்றார்கள்.

"கருமுட்டை இருப்பு குறைவா இருக்கு. ஆப்பரேஷன் பண்ணா இன்னும் குறையலாம். பிள்ளை வேணும்னா, முன்னாடியே எடுத்து உறைய வைக்கலாம். ரெண்டு மாசத்துல முடிவு சொல்லுங்க" என்றார் டாக்டர். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, காடிக்குள் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு தடவைக்குப் பதினெட்டாயிரம் மலேசிய வெள்ளி. பாதுகாத்து வைக்க வருடக் கட்டணம் தனி. அவ்வளவு கொடுத்தும் பிள்ளை நிச்சயமில்லை. கல்யாணம் ஆனால்தான் பயன்படுத்த முடியும் என்றும் சொன்னார்கள். கெலுகோரில் வீடு வாங்க வைத்திருந்த பணம் அது. செய்யாமல் விட்டு அழுவேனா, செய்துவிட்டு அழுவேனா? 'சிக்னலில் பச்சை விழுந்தால் செய்கிறேன் ஆண்டவரே' என்று ஜெபிப்பேன். பச்சை விழும். அடுத்த சிக்னலையும் பார்ப்போம் என்பேன்.

எங்கள் சபையில் சனிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தில் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம், சத்தமாகப் படிப்பார்கள். அம்மாவும் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அதனால் 'என் எதிர்காலக் காரியம்' என்று மட்டும் எழுதினேன். ஜெபம் நடத்தும் எஸ்தர் அக்கா படித்துவிட்டு, "மாப்பிள்ளைக்காகத்தானே? எல்லாரும் கை நீட்டி ஜெபிங்க" என்றார். முப்பது பேர் என் கல்யாணத்துக்காகக் கதறினார்கள். நானும் ஆமென் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரே வாரத்தில் சபை அக்காக்கள் வாட்சப்பில் மூன்று மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார்கள். அவர்களில் செபராங் ஜெயாக்காரர் ஒருவரிடம் பேசினேன். நல்ல மனிதர். சரி சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிடித்ததால் அல்ல, பயத்தில்.

அடுத்த சனிக்கிழமை எஸ்தர் அக்கா என்னை எழுப்பி, வரன் வந்ததற்கு எல்லார் முன்னாலும் சாட்சி சொல்லச் சொன்னார்.

"அக்கா, நான் மாப்பிள்ளை கேக்கலே. எனக்கு முட்டை குறைவா இருக்கு. எடுத்து உறைய வைக்கவா வேணாமான்னு தெரியலே. அதுக்குத்தான் ஜெபம் கேட்டேன்."

"இதெல்லாம் ஆண்டவர் சித்தமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

அம்மா எழுந்தார். "அத நானும் அவளும் பேசிக்குறோம்லா. நீங்க ஜெபம் பண்ணுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னமோ இருக்குன்னு தெரியும். நீ வாயத் திறக்கணும்னுதான் ஒரு மாசமா நான் உபவாசம் இருக்கேன்."

அன்று வீட்டில் அவர் ஒன்றுதான் கேட்டார். "உனக்குப் பிள்ளை ஆசை இருக்கா?"

"இருக்கும்மா." அதுவரை அதை நான் ஆண்டவரிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அப்பச் செய். வீட்டப் பொறவு பாத்துக்கலாம்."

செபராங் ஜெயாக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினோரு நாள் வயிற்றில் ஊசி. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கும் அம்மா, லீவு போட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏழு முட்டைகள் கிடைத்தன. "ஏழா? சரி, ஏழுக்கும் ஜெபம் பண்றேன்" என்றார். பிறகு கட்டியையும் எடுத்தார்கள்.

அவற்றில் ஒன்றாவது பிள்ளையாகுமா? தெரியாது. சில நாள் இன்னும் பயம் வருகிறது. ஆனால் இப்போது தூங்குகிறேன். சகோதரிகளே, ஆண்டவரிடம் சுற்றி வளைக்காதீர்கள். வெட்கமான காரியத்தையும் அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழட்டும். ஆண்டவர் எனக்கு அனுப்பிய உதவி, ஒரு மாதமாக என் பக்கத்து நாற்காலியில்தான் பட்டினியாக உட்கார்ந்திருந்தது.