பல் வலி என்று சொன்ன வாரம்

மார்பில் தட்டுப்பட்ட கட்டியில் ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பார்ப்பதற்காகத் திருநெல்வேலி போய் வந்தேன். வீட்டில் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லியிருந்தோம். உண்மை தெரிந்தவர் என் கணவர் மட்டும். என் மாமியாரின் தங்கை மார்புப் புற்றுநோயில்தான் போனார். அத்தையிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அனுப்பும்போது நர்ஸம்மா விவரமாகச் சொன்னார். துணியில் சுற்றி ஐஸ் ஒத்தடம், ராத்திரியும் கழற்றாமல் இறுக்கமான உள்ளாடை, வலித்தால் பாராசிட்டமால், கனம் தூக்கக் கூடாது. எல்லாம் சரி, பல் வலிக்காரி மார்பில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? சங்கரன்கோவில் பஸ்ஸில் வரும்போதே மரத்த இடத்துக்கு உணர்வு வந்து விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிட்டது.

அத்தைக்கு எந்த நோவுக்கும் கோயில் புற்றுமண்தான். தண்ணீரில் குழைத்து என் கன்னத்தில் அப்பினார்.

"ரெண்டு நாள்ல வத்திரும் பாரு."

வலி ஓரிடம், மருந்து ஓரிடம். வீடே கருவாட்டுக் குழம்பு சாப்பிட, எனக்கு மட்டும் குழைந்த சோறும் பாலும். எரிச்சலாக வந்தது. அத்தை எதிரில் ஐஸைக் கன்னத்தில் வைப்பேன். அவர் அந்தப் பக்கம் போனதும் கீழே இறக்குவேன். அதற்குள் பாதி உருகியிருக்கும். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலி கூடும்போதெல்லாம் இது கெட்ட கட்டிதானோ என்று வரும் நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. கணவரிடம் சொன்னால் அவர் என்னைவிடப் பயப்படுவார்.

ஒரு மத்தியானம் உள்ளறையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தை துண்டில் ஐஸைச் சுற்றி எடுத்து வந்து கதவைச் சாத்தினார்.

"பல்லு வலிக்காரி எதுக்குட்டி இடது கையைத் தூக்க மாட்டேங்கா? கொடியில துணி எடுக்கக்கூட எம் மவனைக் கூப்பிடுதே."

அவர் துண்டைச் சரியான இடத்தில் வைத்து லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என் தங்கச்சியும் ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கான்னே சொல்லிக்கிட்டுக் கெடந்தா. எனக்குத் தெரிஞ்சப்ப எல்லாம் கை மீறிட்டு. வலிக்கா மக்கா?"

முடிவு நல்லபடியாக வந்ததெல்லாம் பிறகு. அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

"வலிக்கு அத்தை. ரொம்பப் பயமாவும் இருக்கு."

அவர் ஒரு கையால் துண்டைப் பிடித்தபடியே, மறு கையால் என் கன்னத்தில் காய்ந்திருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"ரிசல்ட்டு வாங்கப் போறப்ப நானும் வாரேன்" என்றார்.