கேத்திலும் என் சிறுநீரகங்களும்

எங்கள் கோப்பாய்க் கிணற்றுத் தண்ணீரில் பாதி சுண்ணாம்பு என்று சொன்னால் அது மிகை. ஆனால் தண்ணீர் கொதிக்கவைக்கும் எங்கள் வீட்டுக் கேத்திலின் உட்புறத்தைப் பார்த்தவர்கள் யாரும் என்னோடு வாதாட வரமாட்டார்கள். வெள்ளையடித்த சுவர்போல இருக்கும். அவ்வப்போது என் மனைவி அதற்குள் பிலிம்பிக்காயை நசுக்கிப்போட்டு ஊறவைப்பாள். அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்க்கிற, நினைத்தாலே பல் கூசுகிற புளிக்காய் அது. பக்கத்து வளவு அண்ணை வேலிக்கு மேலால் தருவார். ஊறியபின் கழுவினால் கேத்தில் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல மினுங்கும்.

அந்த மினுக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. இதே தண்ணீரைத்தானே பிறந்ததிலிருந்து குடிக்கிறேன்? கேத்திலுக்கே இந்தக் கதியென்றால் என் சிறுநீரகங்கள் என்ன கோலத்தில் இருக்கும்? சிறுநீரகத்தில் கல் வந்துவிடுமோ என்ற இந்தப் பயம் எங்களூரில் எல்லோருக்கும் உண்டு. மற்றவர்கள் நெருஞ்சில் அவித்துக் குடிப்பார்கள், வாழைத்தண்டில் ஏதாவது செய்து சாப்பிடுவார்கள். நானோ நாலு புத்தகம் வாசித்தவன். எனக்கு ஊர்வழி போதாது, சொந்தமாக ஒரு கோட்பாடு வேண்டும்.

மீன்கறிக்கு இரண்டு மூன்று காய் போடுவார்கள். நான் ஒரு சுளகு நிறையக் காயைப் பிளெண்டரில் அடித்து வடித்து, தண்ணீர் கலக்காமல், வெறும்வயிற்றில் குடித்தேன். சில நாள் தொடர்ந்து குடித்தேன்.

"என்ன அது?" என்று மனைவி கேட்டாள்.

"இயற்கை," என்றேன்.

பிறகு வாந்தி வந்தது. விலாவில் நோ. முகம் ஊதியது. "கொஞ்சம் தசை வைச்சு வடிவாத்தான் இருக்கிறியள்," என்று சிரித்தவள், சலம் போகவில்லை, ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இல்லை என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓட்டோவுக்கு ஃபோன் எடுத்தாள்.

ஆசுப்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் ஓர் இளம்பெண்.

"அங்கிள், புதுசா ஏதும் குடிச்சனீங்களோ?"

சொன்னேன். கேத்தில் கோட்பாட்டையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கேத்திலைக் கழுவி ஊத்தலாம், அங்கிள். கிட்னியை என்னெண்டு கழுவி ஊத்துறது?"

பிலிம்பிக்காயில் இருக்கும் ஒருவகை அமிலம், அளவுக்கு மிஞ்சினால், சிறுநீரகத்துக்குள்ளேயே மணல்போலப் படிந்து அடைத்துவிடுமாம். ஆக, கல் வராமல் இருக்க நான் கல்லையே கரைத்துக் குடித்திருக்கிறேன். காலைக்குள் சலம் கூடாவிட்டால் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டி வரும் என்றும் சொன்னார். மனைவி ஒன்றும் கதைக்கவில்லை. அவள் கதைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. நோயைவிட அது பயமாக இருந்தது.

பின்னேரம் அண்ணை வந்தார். ஒரு கையில் போத்தில் நிறையச் செவ்விளநீர், மற்றக் கையில் பிளாஸ்கில் நெருஞ்சில் குடிநீர். கண் கலங்கியிருந்தது.

"என்ரை மரத்தாலை வந்த வினை, தம்பி. நாளைக்குத் தறிச்சுப்போடுறன்."

அப்போதுதான் மனைவிக்கு வாய் திறந்தது. "மரம் இவரைத் தேடிவந்து குடியெண்டு சொன்னதோ, அண்ணை? உவருக்குப் படிப்புக் கூடிப்போச்சு. அதுக்கு மரம் என்ன செய்யும்?"

"அப்ப உந்த இளநியையாவது குடிக்கட்டும், பிள்ளை. சலத்துக்கு நல்லது."

அடுத்த கட்டிலடியில் நின்ற டொக்டர் திரும்பி, அண்ணையின் காதுக்கு எட்டும்படி உரத்துச் சொன்னார். "நல்ல கிட்னிக்கு நல்லதுதான், ஐயா. இளநியிலை பொட்டாசியம் கனக்க. அதை வெளியிலை தள்ள அங்கிளின்ரை கிட்னிக்கு இப்ப ஏலாது. தேங்கினா இதயத்துக்குக் கூடாது. நெருஞ்சிலோடை எனக்கொரு கோவமுமில்லை, ஆனா இப்ப அதுவும் வேண்டாம்."

அண்ணை போத்திலைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"காலமையிலை இருந்து நீ ஒண்டும் குடிக்கேல்லை, என்ன? நீ குடி, பிள்ளை."

அளந்து தந்த தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டு நான் பார்த்திருக்க, அவள் என் கட்டிலில் உட்கார்ந்து முழுப் போத்திலையும் குடித்து முடித்தாள். அழுதுகொண்டுதான் குடித்தாள். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலை என் சலம் பிடித்த அளவுச்சாடியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். கோட்டைப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். நான் எழுதியவற்றில் ஒரு பக்கத்தைக்கூட அவள் இவ்வளவு அக்கறையாக வாசித்ததில்லை. டொக்டரும் வந்து பார்த்தார். "மெசின் இப்ப தேவைப்படாது," என்றார்.

மனைவி வாட்டு வாசலுக்குப் போய் ஃபோன் எடுத்தாள். காது மந்தமான அண்ணையோடு கதைத்ததால் வாட்டு முழுக்கக் கேட்டது.

"அண்ணை, போகுது! ஓம், நல்லாப் போகுது. மரத்திலை கை வையாதேங்கோ, எனக்குக் கேத்தில் கழுவ வேணும்." கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா இனிக் காயை என்ரை கையிலை மட்டும் தாங்கோ."