தொடட்டுமா என்று கேட்பவர்

உள்ளங்கைகளைப் பரபரவெனத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் கேட்பார்: "தொடட்டுமாம்மா?" நீதிமன்ற வாசலில், பெண்களைச் சோதிக்கும் திரைக்குப் பின்னால், அந்தப் பெண் காவலருக்குப் பல வருடங்களாக இதே பழக்கம். எதிரில் நிற்பவள் தலையசைக்கும்வரை அவர் கை நீளாது.

ஆண்கள் பக்கம் சோதிக்கும் காவலருக்கு இது தீராத வேடிக்கை. "பொறி வச்சுட்டு எலிகிட்டயே உத்தரவு கேக்குற ஒரே ஆளு எங்க அனுமதியக்காதான்" என்பார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அனுமதியக்காவுக்கு அதில் வருத்தமில்லை. "பயந்துபோய் வர்றவங்கப்பா. சில்லுனு கையை வச்சா இன்னும் நடுங்குவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

பையைத் திறந்ததும் வந்தவளின் மனசு தெரிந்துவிடும் அவருக்கு. ஜாமீன் கிடைக்காது என்று நினைப்பவள் பல் துலக்கும் பிரஷும் மாற்றுத்துணியும் கொண்டுவருவாள். நம்பிக்கையுள்ளவள் வீட்டுச் சாவியோடு வருவாள். ஆனால் சொந்த வீட்டில் அவர் யார் பையையும் திறப்பதில்லை. கணவரின் சட்டைப்பையைக்கூடப் பார்க்காமல் துவைத்துப் போடுவார். "ஊரையே சோதிக்கிற. என் பஸ் டிக்கெட்டை மட்டும் கூழாக்கிடுற" என்று கணவர் புலம்புவார். "அது வேலை. இது உங்க பை" என்று பதில் வரும்.

புதிதாக வந்த அதிகாரிக்கு இந்தத் 'தொடட்டுமா' கேள்வி பிடிக்கவில்லை. "கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. தடவிப் பாத்து அனுப்புங்க. ஏதாவது உள்ள போச்சுன்னா உங்க வேலை போயிடும்."

"சரி சார்" என்றார். மறுநாளும் கேட்டார்.

ஒரே வீட்டைப் பல குடும்பங்களுக்கு விற்றவனின் வழக்கு அன்று. ஜாமீனில் இருக்கும் அவன் காரில் வந்து இறங்கியிருந்தான். ஏமாந்தவர்களில் ஒருத்தி திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். வாய்தாவுக்கு வாய்தா நடந்து செருப்பு தேய்ந்தவள். அன்றுதான் சாட்சி சொல்ல அழைப்பு.

"தொடட்டுமாம்மா?"

"வேணாங்க்கா."

இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அனுமதியக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சரி. அப்ப நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க."

அவள் இடுப்பிலிருந்து காய் நறுக்கும் கத்தி வந்தது. "இன்னும் எத்தனை வாய்தாக்கா? நானே முடிச்சுடலாம்னு..."

"முடிச்சா ஊரு அவனுக்காகத்தான் உச்சுக்கொட்டும். உங்களைக் கூண்டுல ஏத்திடுவாங்க. இன்னிக்கு நீங்க பேசுற நாளும்மா. போய்ப் பேசுங்க."

கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, குடைக்கும் கத்தரிக்கோலுக்கும் கொடுக்கிற அதே டோக்கனை அவள் கையில் வைத்தார். இன்னொரு பெண் காவலரைக் கூப்பிட்டு அவள் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார். பிறகு தானே அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

அதிகாரி எழுந்துவிட்டார். "கத்தியோட வந்தவ மேல கேஸ் போடாம டோக்கனா குடுத்தீங்க?"

"வாசல்லயே தானா எடுத்துக் குடுத்தா டோக்கன் குடுக்கணும்னுதானே சார் நம்ம விதி? நான் தடவி எடுத்திருந்தா கேஸு. நம்ம கேஸுல ஒரு சாட்சி போயிருக்கும், அவன் சிரிச்சுக்கிட்டே கார்ல ஏறியிருப்பான்."

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். "இனிமேலும் கேப்பீங்களா?"

"கேப்பேன் சார்."

மாலையில் அந்தப் பெண் டோக்கனை நீட்டினாள். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அனுமதியக்கா வெளிக்கதவை எட்டிப் பார்த்தார். அவனுடைய கார் திருப்பத்தில் மறையும்வரை காத்திருந்து, கத்தியின் கூர்ப்பக்கத்தைத் தன் விரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினார்.

அவளுடைய சாட்சியம் பதிவாகியிருக்கிறது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.