ஒரு காயிலை அளந்த அத்தான்

செம்பூரில் சேட்டின் கார் ஆடியோ கடை வாசலில், அத்தனை டிரைவர்கள் முன்னால் அத்தான் என்னை நோக்கி விரலை நீட்டினாரே, அந்த விரலை இன்றைக்கு நினைத்தாலும் ஒடிக்கத் தோன்றுகிறது. ஒரு காரின் டிக்கியில் எங்கள் பெட்டியோடு பொருத்திய பேஸ் ஸ்பீக்கர் முதல் பாட்டிலேயே கிழிந்துவிட்டது. "கணக்குப் போட்டது மாப்ளதான் சேட். கட்பட் பண்ணிக் கெடுத்துட்டான்" என்றார், கூசாமல்.

அக்காளின் கணவர் அவர். தாராவியில் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். பெட்டியின் அளவைக் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பது அவர் மட்டும்தான். எனக்குப் பலகை அறுப்பதோடு சரி. அந்த ஸ்பீக்கரில், அதிர்ந்து சத்தம் எழுப்பும் காகிதக் கூம்பான ஒரே கோனைத் தள்ளுவதற்கு இரண்டு காயில்கள், அதாவது கம்பிச்சுருள்கள். அவருடைய இலவச சாஃப்ட்வேரிலோ ஒரு காயிலுக்குத்தான் இடம். ஒன்றை மட்டும் இணைத்து, மற்றதைத் தொங்கவிட்டு அளந்து, அந்த எண்களைப் போட்டார். "ரெண்டையும் சேத்துல்லா ஓட்டப் போறோம், அளவு மாறாதா அத்தான்?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒரே மாதிரி காயில்தாம்ல. வேலயப் பாரு" என்றார். பெட்டி தேவைக்கு மேல் பெரிதாகிப்போனது. உள்ளே காற்றின் பிடி இல்லாமல் கோன் எகிறிக் கிழிந்தது. பழி எனக்கு!

அதன் பிறகு தாராவியில் ஒரு பட்டறையும் என்னைச் சேர்க்கவில்லை. ஸ்பீக்கரைக் கிழித்தவன் என்றே பெயராகிவிட்டது. "வீட்டுக்குள்ள நடந்தத பெருசாக்காதல" என்று அக்கா போனில் அழுதாள். வீட்டுக்குள்ளா நடந்தது?

டிராம்பே குடோனில் மூட்டை ஏற்றிக்கொண்டே, இரண்டு காயிலையும் கணக்கில் எடுக்கும் சாஃப்ட்வேரைத் தேடினேன். வெறிதான், மறைப்பானேன். கிடைத்தவை எல்லாம் ஒரு காயிலோடு நின்றுவிட்டன. கடைசியில் ஒன்று மட்டும் காயில் எத்தனை, எப்படி இணைப்பாய், அளந்தபோது மற்றது சும்மா கிடந்ததா என்று விசாரித்தது. என்னிடம் நடந்ததைக் கேட்ட முதல் ஆள் அதுதான். மனப்பாடமாகியிருந்த அத்தானின் எண்களைப் போட்டேன். திரையில் அவர் கணக்கு ஒரு கோடு, சரியான கணக்கு வேறு கோடு. அன்றைக்குச் சோறு அப்படி இறங்கியது.

அந்தக் கோடுகளைச் சேட்டிடம் காட்டித்தான் எனக்குப் பெட்டி வேலை கிடைத்தது. செம்பூரிலேயே சின்னதாய் ஒரு ஷெட் போட்டேன். ஆனாலும் அன்று வாசலில் நின்ற டிரைவர்களுக்கு நான் கிழித்தவன்தான்.

போன மாதம் அத்தான் ஷெட்டுக்கு வந்தார். அதே மாதிரி ஸ்பீக்கர், இரண்டு கிழிந்திருந்தன. "சேட் சொன்னாரே, அந்த சாஃப்ட்வேர் பேர மட்டும் சொல்லு மாப்ள" என்றார். "சேட் கடைக்கு வாங்க, சொல்லுதேன்" என்று அழைத்துப் போனேன். வாசலில் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்குக் கணக்குப் போட்டது யாரு அத்தான்?"

தரையைப் பார்த்தபடி, "நான்தான்" என்று முனகினார்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"நான்தாம்ல!"

டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாஃப்ட்வேரின் பெயரைச் சொன்னேன். எப்படி அளந்தாய் என்று அது கேட்கும், அங்கே பொய் சொன்னால் மறுபடியும் கிழியும். அதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.