கியூபெக் வரட்டும்

டொரொன்டோ போகும் நெடுஞ்சாலையில், கியூபெக் மாகாணம் முடிவதற்குச் சற்று முன்னால் வேனை நிறுத்தச் சொல்லுவார் அரியரத்தினம். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

"ஆருக்கும் ஏதும் செய்யுதோ? தலையிடி, வயித்துக்குத்து? இப்பவே சொல்லிப்போடுங்கோ. அங்கால போய் ஒருத்தருக்கும் வருத்தம் வரப்படாது."

"ஏறுங்கோ அப்பா, பனி கொட்டப்போகுது" என்பான் வேனை ஓட்டும் மகன் கிரி.

திருகோணமலைக்காரர். இப்போது கியூபெக்கில், ஜான்-டலோன் சந்தையில் காய்கறி விற்கிறார். "பொன்ஜூர் மதாம்" என்று பிரெஞ்சில் குழைந்தே ஒரு கூடை தக்காளியைத் தள்ளிவிடுவார். நசிந்தவை அவர் வீட்டுக் குழம்புக்கு. அவரைக் கஞ்சன் என்றால் பாவம் பிடிக்கும். தெரிந்தவர் வீட்டில் செத்தவீடு என்றால் சாப்பாட்டுச் சட்டியோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். எல்லைக்கு அப்பால், டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்து ஆஸ்பத்திரி என்றால் மட்டும் குலை நடுங்கும்.

காரணம் இருக்கிறது. டொரொன்டோவில், ஸ்காபரோ பக்கம் மகள் தக்ஷினி வீட்டுப் படியில் மனைவி திரேசம்மா வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். எலும்பைப் பொருத்திய டாக்டரின் ஆள், கியூபெக் மருத்துவ அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். டாக்டருக்குக் கையிலிருந்து கட்டவேண்டும், பிறகு கியூபெக்கிடம் கேட்கவேண்டும். கேட்டார். கியூபெக் தன் ஊர் விலைக்கு எவ்வளவோ அவ்வளவுதான் தந்தது. மிச்சம் போனது போனதுதான்.

"ஒரே நாடு எண்டு சொல்லுறாங்கள். கை முறிஞ்சாத்தான் தெரியும் எத்தினை நாடு எண்டு."

பயணக் காப்புறுதி எடுங்கள் என்று தக்ஷினி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். "மகளைப் பாக்கப் போறதுக்கும் இன்சூரன்ஸோ?" என்று மறுத்துவிட்டார். சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று முன்பின் தெரியாதவன் போனில் கேட்பதும் அவருக்குப் பிடிக்காது.

போன மார்கழியில் பேத்தியின் பிறந்தநாள். கேக் வெட்டும்போதே நெஞ்சை எதுவோ பிசைந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் வேலை இருக்கிறது என்று சொல்லி எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வேனில் ஏறினார். பாதி வழியில், இன்னும் ஒன்டாரியோவுக்குள்ளேயே கிங்ஸ்டன் நெருங்கும்போது, திரேசம்மா தற்செயலாக அவர் கழுத்தைத் தொட்டாள். அந்தக் குளிரிலும் சட்டைக் காலர் தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னப்பா செய்யுது?"

"ஒண்டுமில்லை. கியூபெக் வரட்டும்."

"நெஞ்சோ?"

"கியூபெக் வரட்டும் எண்டுறன்!"

அவள் அவரோடு மல்லுக்கட்டவில்லை. "கிரி, முதல் வாற ஆஸ்பத்திரிக்கு விடு" என்றாள்.

அவசரப் பிரிவில் கட்டிலில் கிடத்தினார்கள். சாவுக்கு அவர் அவ்வளவாகப் பயப்படவில்லை. கிரி அப்போதுதான் கர்க்லாண்டில் கடன்பட்டு வீடு வாங்கியிருந்தான். தன்னால் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமை ஏறிவிடுமே என்பதுதான் அவரை வதைத்தது. நெஞ்சில் ஒட்டும் வயர்களோடு தாதி வந்து சட்டையைத் திறக்கச் சொன்னாள். அவர் இரண்டு கையாலும் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முதல் கேள் தம்பி, அட்டையை எடுப்பினமோ எண்டு. கேட்டுப்போட்டுத் திறப்பம்."

கிரி தாதியைப் பார்த்தான்.

திரேசம்மா முன்னால் வந்தாள். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, மறு கையால் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள்.